பார்சல் கம்பெனிக்கும் நாட்டு நடப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆரம்பத்துல இருந்து ஒரு விளக்கம்

ஒரு நாள் கூரியர் கம்பெனி ஷேர் விழுந்துருச்சு, உலகப் பொருளாதாரம் தள்ளாடுதுன்னு செய்தி வருது. இன்னொரு நாள் வரிசையா பல நாட்டுத் தபால்துறைங்க அமெரிக்காவுக்கு பார்சல் வாங்குறதையே நிறுத்திட்டாங்கன்னு வருது. அப்புறம் ஸ்ட்ரைக், அப்புறம் ஆட்குறைப்பு, அப்புறம் குடோன்ல பார்சல் தீப்பிடிச்சு உளவுத்துறை விசாரிக்குதுன்னு. இதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, ஆனா பேசுற விதம் ரொம்ப கலங்கலா இருக்கு. "கூரியர்காரன் எனக்கு வரி போட்டுட்டான்", "ரெண்டு வண்டியும் நாலு ட்ரைவரும் இருந்தா யாரு வேணா இந்தத் தொழில் பண்ணலாம்", "ஃப்ரீ டெலிவரின்னா காசே இல்லாம வருது", இந்த மூணையும் நான் கேக்காத வாரமே இல்ல. மூணுமே தப்பு, அது ஏன் தப்புன்னு புரிஞ்சாலே மேல சொன்ன செய்தியெல்லாம் பாதி புரிஞ்ச மாதிரி தான், அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

## அவங்க விக்கிறது வண்டி இல்ல, வலை

வேற ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கு ஒரு சாவி அனுப்பணும்னு வைங்க. அந்த ஊருக்குப் போற யாராவது கிடைச்சா கையில குடுத்து விட்ருவோம். நல்ல வழி தான், ஆனா அன்னிக்கு அந்த ஊருக்குப் போற ஆள் கிடைக்கணும், அவரு மறக்காம குடுக்கணும். ஒரு சாவிக்கு இது ஓகே. தினமும் 100 ஊர்ல இருந்து 100 ஊருக்கு பொருள் போகணும்னா?

கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஊரையும் மத்த எல்லா ஊரோடயும் நேரா இணைக்கணும்னா 4,950 வழித்தடம் வேணும். அதுல பாதி வண்டி தினமும் ரெண்டு பார்சலோட ஓடும், கட்டுப்படியாகாது. அதுக்கு பதிலா நடுவுல ஒரு இடத்தைப் பிடிச்சு எல்லா ஊரு பார்சலையும் அங்க கொண்டு வந்து கொட்டி, ராத்திரியோட ராத்திரியா பிரிச்சு, திரும்ப அந்தந்த ஊருக்கு ஏத்தி விட்டா 100 வழித்தடம் போதும். இந்த நடு இடத்துக்குப் பேரு தான் ஹப். பெரிய பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி அடுத்த பஸ் மாறுறோம்ல, அதே தான், மனுஷனுக்கு பதிலா பெட்டி மாறுது.

1973 ஏப்ரல் 17 ராத்திரி ஃபெடெக்ஸ் கம்பெனி அமெரிக்காவோட மெம்ஃபிஸ் நகரத்துல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. 14 குட்டி விமானம், 25 நகரம், மொத்தமே 186 பார்சல். முதல் ராத்திரியே வலை முழுசா இருந்துச்சு, பார்சல் தான் இல்ல. இந்தத் தொழிலோட குணமே அது தான், வலையை முதல்ல முழுசா விரிக்கணும், அப்புறம் தான் மீன் வரும். பாதி வலைக்கு மதிப்பே கிடையாது. இன்னிக்கு போட்டிக் கம்பெனிங்களான யுபிஎஸ்ஸுக்கு அமெரிக்காவோட லூயிவில்லயும் டிஎச்எல்லுக்கு ஜெர்மனியோட லைப்ஸிக்லயும் இதே மாதிரி ராட்சச ஹப் இருக்கு. பக்கத்து ஊருக்குப் போக வேண்டிய உங்க பார்சல் ஏன் எங்கயோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சுத்திட்டு வருதுன்னு டிராக்கிங்ல பாத்து கடுப்பாகுறீங்கல்ல, காரணம் இது தான். அதுக்குன்னு தனி வண்டி விடுறதை விட சுத்தி வர்றது செலவு கம்மி.

இந்த வலை ரெடியா இருக்குறதால தான் நெருக்கடி வந்தா அரசாங்கங்களும் இவங்க கதவைத் தட்டுது. 2020 டிசம்பர் 13, மிச்சிகன்ல இருக்குற ஃபைசர் ஆலையில இருந்து முதல் கோவிட் தடுப்பூசிப் பெட்டிங்க கிளம்புச்சு, மைனஸ் 70 டிகிரி குளிர்ல, ட்ரை ஐஸ் போட்டு. பரம போட்டியாளர்களான யுபிஎஸ்ஸும் ஃபெடெக்ஸும் வேலையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, ஒருத்தர் லூயிவில் ஹப் வழியா, இன்னொருத்தர் மெம்ஃபிஸ் ஹப் வழியா. மறுநாள் காலையிலயே ஊசி போட ஆரம்பிச்சாச்சு. அந்த வலையை அன்னிக்கு யாரும் புதுசா கட்டல, 50 வருஷமா சாதாரண பெட்டிங்களைத் தூக்கித் தூக்கிப் பழகின வலை அது.

இதுவரைக்கும் சொன்னது: பார்சல் கம்பெனின்னா வண்டிங்களோட கூட்டம் இல்ல, ஹப்பை நடுவுல வெச்சு நெய்த வலை. அந்த வலை பார்சல் இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் ஓடியே ஆகணும்.

## கடைசி மைல் தான் காசைத் தின்னுது

இப்ப தண்ணிக் குழாயை நினைச்சுக்குங்க. பெரிய பைப்ல தெருவுக்குப் பொதுவா ஒரு தொட்டி வரைக்கும் தண்ணி கொண்டு வர்றது ஒரு தடவை செலவு. அந்தத் தொட்டியில இருந்து ஒவ்வொரு வீட்டு மாடிக்கும் குடத்துல தூக்கிட்டுப் போகணும்னா? முதுகு உடையுற வேலை அது தான். பார்சலும் அப்படித்தான், ஒரு விமானத்துல ஆயிரக்கணக்குல வர்ற பெட்டிக்கு ஒரு பெட்டிக்கான செலவு ரொம்ப கம்மி, ஆனா கடைசியில ஒரு வேன்ல ஏத்தி, ஒவ்வொரு வாசலா நிறுத்தி, படி ஏறி, பெல் அடிச்சு, ஆள் இல்லன்னா திரும்ப நாளைக்கு வந்து... இந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பேரு லாஸ்ட் மைல். மொத்த செலவுல பெரிய பங்கு இங்க தான் போகுது. இதுல ஒவ்வொரு நிமிஷமும் காசுங்கிறதால தான் யுபிஎஸ் ட்ரைவருங்க அமெரிக்காவுல முடிஞ்ச வரைக்கும் இடது பக்கம் திரும்பாத மாதிரி ரூட் போடுறாங்க. அங்க ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டுறதால இடது திருப்பம்னா எதிர்ல வர்ற வண்டிக்குக் காத்திருக்கணும், பெட்ரோலும் போகும் நேரமும் போகும்.

அப்போ ஃப்ரீ டெலிவரி? அந்த செலவை யாரோ ஒருத்தர் குடுத்துட்டு தான் இருக்காங்க. பொருளோட விலையில ஏத்தி நீங்களே குடுத்திருப்பீங்க, இல்ல விக்கிறவர் லாபத்துல விட்டிருப்பார், இல்லன்னா கொண்டு வர்ற ஆளோட கூலியில கை வெச்சிருப்பாங்க. நாலாவது வழி எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

இன்னொரு குழப்பம், எடை. "ரெண்டு கிலோ தலையணைக்கு 16 கிலோ சார்ஜ் போட்டுட்டாங்க"ன்னு கோபப்படுவாங்க. விமானத்துல எடை மட்டும் தீர்றதில்ல, இடமும் தீருது. அதனால பெட்டியோட நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி பொதுவா 5,000ஆல வகுப்பாங்க, வர்ற நம்பர் தான் வால்யூமெட்ரிக் வெயிட், அதாவது பெட்டி அடைக்கிற இடத்தை எடையா மாத்திச் சொல்றது. 40க்கு 40க்கு 50 பெட்டின்னா 80,000, வகுத்தா 16. நிஜ எடை, இந்த எடை, ரெண்டுல எது பெருசோ அதுக்கு பில். ஏமாத்து வேலை இல்லங்க இது, சின்னப் பெட்டியா பாத்து எடுத்திருந்தா காசு மிச்சம்.

இந்த கடைசி மைல்ல தான் அமேசான் வந்து மொத்த ஆட்டத்தையும் மாத்துச்சு. முன்னாடி அது பார்சல் கம்பெனிங்களோட வாடிக்கையாளர். அப்புறம் தானே வேன் விட ஆரம்பிச்சுது. 2019ல ஃபெடெக்ஸ் அமேசானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம விலகிருச்சு. 2022 வாக்குல அமெரிக்க வீடுகளுக்குப் போற பார்சல் எண்ணிக்கையில அமேசான் யுபிஎஸ்ஸையே தாண்டிருச்சு. 2025 ஜனவரியில யுபிஎஸ், 2026 நடுவுக்குள்ள அமேசான் பார்சலைப் பாதிக்கும் மேல குறைச்சுக்கிறோம்னு அறிவிச்சாங்க, எண்ணிக்கை இருக்கு லாபம் இல்லன்னு.

தபால்துறை இதுல எங்க வருது? பெரும்பாலான நாட்டுல அதுக்கு ஒரு கடமை இருக்கு, மலை உச்சியில ஒத்த வீடு இருந்தாலும் அதே கட்டணத்துல கொண்டு போய்க் குடுக்கணும். எல்லாருக்கும் சேவைங்கிற இந்தக் கடமை தனியார் கூரியர் கம்பெனிக்குப் பொதுவா கிடையாது, அவங்க லாபம் இல்லாத கிராமத்துப் பார்சலை பல நேரம் தபால்துறை கையில தான் ஒப்படைச்சுட்டுப் போறாங்க. டென்மார்க்ல இதுவே மாறிருச்சு, 2025 கடைசியோட அங்க தபால் கம்பெனியான போஸ்ட்நார்ட் கடிதம் கொண்டு போறதையே நிறுத்திட்டாங்க, 400 வருஷப் பழக்கம் அது, இனி பார்சல் மட்டும் தான். அடுத்த தடவை "தபால்துறையைத் தனியாருக்குக் குடுத்தா என்ன"ன்னு யாராவது கேட்டா அந்த ஒத்த வீட்டுக்கு யாரு போவாங்கன்னு திருப்பிக் கேளுங்க, உண்மையிலயே அது தான் கேள்வி.

## ஸ்ட்ரைக் ஏன் இவ்ளோ பெரிய செய்தி ஆகுது

துணி மில் ஒரு வாரம் நின்னா துணி அப்புறம் நெய்யலாம். பார்சலை அப்படி சேத்து வைக்க முடியாது. ஹப்புங்கிறது குடோன் இல்ல, ஓடுற பெல்ட், அது நின்னா ரெண்டாவது நாளே இடமில்லாம அடைச்சுக்கும், போட்டிக் கம்பெனியும் அவ்ளோத்தையும் வாங்கிக்க முடியாது ஏன்னா அவங்க வலையும் ஏற்கனவே நிறைஞ்சு தான் ஓடுது.

1997 ஆகஸ்ட்ல யுபிஎஸ் தொழிலாளர் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் பண்ணாங்க, பகுதிநேர வேலையை முழுநேரமாக்கணும்ங்கிறது முக்கியமான கோரிக்கை. 2023ல அவங்களோட டீம்ஸ்டர்ஸ் சங்கம் சுமார் 3,40,000 பேருக்காக பேசுச்சு, கெடு முடியுறதுக்கு சில நாள் முன்னாடி ஒப்பந்தம் ஆச்சு. அதுல ஒரு விஷயம் என் மனசுல அப்படியே நிக்குது. யுபிஎஸ்ஸோட அந்த பழுப்பு வண்டிங்க பெரும்பாலானதுல ஏசி கிடையாது, வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள நின்னு பார்சல் எடுத்து எடுத்து மயங்கி விழுந்தவங்க இருக்காங்க. 2024ல இருந்து வாங்குற புது வண்டிங்கள்ல ஏசி இருக்கும்னு எழுத்துல வாங்கினது அந்தப் பேச்சுவார்த்தையில தான். 2024 நவம்பர்ல கனடா தபால் ஊழியர் சுமார் 55,000 பேர் ஒரு மாசத்துக்கு மேல வேலையை நிறுத்தினாங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல.

"யாரு முதலாளி"ங்கிற சண்டையும் இங்க தான். யுபிஎஸ் ட்ரைவர் யுபிஎஸ் சம்பளம் வாங்குற ஊழியர். அமேசான் பேர் போட்ட வேன் ஓட்டுறவர் பெரும்பாலும் அமேசான் ஊழியர் இல்ல, அமேசானுக்கு ஒப்பந்தம் எடுத்த ஒரு சின்ன கம்பெனியோட ஆள். வண்டியில ஒரு பேரு, சம்பளச் சீட்டுல இன்னொரு பேரு. விபத்து நடந்தா, சங்கம் வெச்சா, யாருகிட்ட போய் பேசுறது? பல நாட்டு நீதிமன்றத்துல, சட்டசபையில இப்ப ஓடிட்டு இருக்குறது இந்தக் கேள்வி தான்.

## பொருளாதாரத்தோட காய்ச்சல் மானி

கடையில விற்பனை குறையுறதுக்கு முன்னாடியே கடைக்கு வர்ற சரக்கு குறையும். அந்தக் குறையை முதல்ல பாக்குறது பார்சல் கம்பெனி. 2022 செப்டம்பர்ல ஃபெடெக்ஸ், உலகம் முழுக்க சரக்கு குறையுதுன்னு எச்சரிச்சுச்சு, மறுநாளே அதோட ஷேர் 21% சரிஞ்சுது, மத்த கம்பெனி ஷேரும் சேந்து ஆட்டம் கண்டுச்சு.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும், இந்த காய்ச்சல் மானியைக் கண்ணை மூடிட்டு நம்பக் கூடாது. 2025ல யுபிஎஸ் சுமார் 48,000 வேலைங்களைக் குறைச்சதா சொன்னப்ப "பாத்தியா, மந்தநிலை வந்துருச்சு"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. அமேசான் பார்சலை அவங்களே வேண்டாம்னு குறைச்சது, கட்டடங்களை மூடுனது, மெஷினைக் கொண்டு வந்தது எல்லாம் அதுக்குள்ள இருக்கு. வேலை போனவங்களுக்கு வலி ஒண்ணு தான், ஆனா காரணம் நாட்டுப் பொருளாதாரமா கம்பெனி முடிவான்னு பிரிச்சுப் பாக்கணும்.

சுருக்கமா: வலை நிக்காம ஓடணும், அதனால ஸ்ட்ரைக் வலிக்கும், சரக்கு குறைஞ்சா உடனே தெரியும்.

## எல்லை: இப்ப எல்லாரும் பேசுறது இதைப் பத்தி தான்

1969ல சான் ஃபிரான்சிஸ்கோவுல மூணு பேர் டிஎச்எல்லை ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல கொண்டு போனது சரக்கே இல்ல, காகிதம். ஹொனலூலுவுக்குக் கப்பல் மெதுவா வந்துட்டு இருக்கும், அதுக்குள்ள அந்தக் கப்பல் சரக்கோட காகிதங்களை விமானத்துல முன்னாடியே கொண்டு போய் சேத்துருவாங்க. கப்பல் கரைக்கு வர்றதுக்குள்ள சுங்க வேலை முடிஞ்சிருக்கும். நாடு தாண்டுற பார்சலோட மொத்த சூட்சுமமும் இந்தக் கதையில இருக்கு, பொருளுக்கு முன்னாடி தகவல் போகணும். உள்ள என்ன இருக்கு, எங்க செஞ்சது, விலை என்னன்னு எழுதிக் குடுக்குற அந்தத் தகவலுக்குப் பேரு கஸ்டம்ஸ் டிக்ளரேஷன்.

அதைப் பாத்து வரி போடுறது அரசாங்கம். கூரியர் கம்பெனி என்ன பண்ணுதுன்னா, பார்சல் நிக்காம வரட்டும்னு உங்க சார்பா வரியை அங்க கட்டிட்டு, அப்புறம் உங்க கிட்ட வாங்குது, கூடவே அந்த வேலைக்கு ஒரு கூலியும் போடுது. அந்தக் கூலி ப்ரோக்கரேஜ். பில்லு வந்தா ரெண்டையும் தனித்தனியா பாருங்க, வரி அரசாங்கத்தோடது, அதுல கூரியரைத் திட்டிப் பிரயோஜனமில்ல, ப்ரோக்கரேஜ் மட்டும் அவங்களோடது, அது அதிகம்னு தோணுச்சுன்னா அவங்க கிட்ட தாராளமா கேக்கலாம்.

இப்ப டி மினிமிஸ். பேரு தான் பயமா இருக்கு. பத்து பைசா பாக்கிக்காக யாரும் கணக்கு நோட்டைத் திறக்க மாட்டாங்கல்ல, அது தான் விஷயம். சின்ன மதிப்புப் பார்சலுக்கு வரி வசூல் பண்ற செலவு வரியை விட அதிகமாகிடும், அதனால மதிப்பு ஒரு வரம்புக்குக் கீழ இருந்தா வரி வேண்டாம்னு விட்ருவாங்க. அமெரிக்காவுல இந்த வரம்பு 2016ல 200 டாலர்ல இருந்து 800 டாலரா ஏறுச்சு. அதுக்கப்புறம் தான் ஷீன், டெமு மாதிரி சீனாவுல இருந்து பொருள் அனுப்புற ஆன்லைன் கடைங்க வளந்துச்சு, கப்பல்ல மொத்தமா கொண்டு வந்தா வரி, ஒவ்வொரு சட்டையா தனிப் பார்சல்ல வந்தா வரி இல்ல, அப்போ எப்படி அனுப்புவாங்க? 2024 நிதியாண்டுல மட்டும் இந்த வழியா அமெரிக்காவுக்குள்ள 136 கோடி பார்சல் வந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதே 2024ல 460 கோடி சின்ன மதிப்புப் பார்சல், அதுல பத்துக்கு ஒன்பது சீனாவுல இருந்து.

2025 மே 2 சீனா, ஹாங்காங் பார்சலுக்கு அமெரிக்கா இந்தச் சலுகையை எடுத்துச்சு. ஆகஸ்ட் 29 எல்லா நாட்டுக்கும் எடுத்துச்சு. அப்ப நடந்தது தான் நிறைய பேருக்குப் புரியல, இந்தியா, ஜெர்மனின்னு பல நாட்டுத் தபால்துறை பார்சல் வாங்குறதை நிறுத்துனாங்க, டிஎச்எல் எக்ஸ்பிரஸ், ஃபெடெக்ஸ் மாதிரி தனியார் மட்டும் ஓடிட்டு இருந்தாங்க. கோபத்துல நிறுத்திட்டாங்கன்னு சிலர் எழுதினாங்க. இல்லைங்க. தனியார் கிட்ட வரி கணக்கு போடுற ஆளும் சாஃப்ட்வேரும் ஏற்கனவே இருக்கு. தபால்துறைங்களோட ஏற்பாடு அப்படி இல்ல, அது 1874ல ஆரம்பிச்ச உலகத் தபால் ஒன்றியத்தோட விதிப்படி ஒரு நாடு வாங்கி இன்னொரு நாட்டு கையில குடுக்குற முறை, அனுப்புற நாட்டுலயே இன்னொரு நாட்டுக்கு வரி வசூல் பண்ற பழக்கம் அதுல இல்ல, அதைக் கட்ட சில வாரம் தான் டைம் குடுத்தாங்க. ஆகஸ்ட் 29 அன்னிக்கு அமெரிக்காவுக்குப் போன தபால் போக்குவரத்து முந்தின வாரத்தை விட 81% குறைஞ்சுதுன்னும், 88 தபால்துறை முழுசாவோ ஓரளவுக்கோ சேவையை நிறுத்திருக்காங்கன்னும் அந்த ஒன்றியமே சொல்லுச்சு. பாதிக்கப்பட்டது பெரிய கம்பெனி இல்ல, வீட்டுல உக்காந்து கைவேலை செஞ்சு மாசத்துக்கு பத்து பார்சல் அனுப்பிட்டு இருந்தவங்க. இந்தச் செய்தியில எனக்கு ரொம்ப வருத்தம் தந்தது அது தான்.

இந்த வரி சரியா தப்பாங்கிறது வேற விவாதம். ஆனா யாரு போட்டது, யாரு வசூல் பண்றது, யாரு கொண்டு வர்றதுன்னு மூணு பேரையும் பிரிச்சுப் பாத்துட்டு விவாதம் பண்ணலாம்.

## பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

பார்சல் கம்பெனி பெட்டியைப் பிரிச்சுப் பாக்காம வாங்கிட்டுப் போகுது. கள்ளத்தனம் பண்றவங்களுக்கும் அது தெரியும். 2010 அக்டோபர்ல யேமன்ல இருந்து சிகாகோ முகவரிக்குப் போன ரெண்டு பார்சல்ல, பிரிண்டர் கார்ட்ரிட்ஜுக்குள்ள வெடிமருந்து இருந்துச்சு. ஒண்ணை இங்கிலாந்தோட ஈஸ்ட் மிட்லேண்ட்ஸ் விமான நிலையத்துலயும் இன்னொண்ணை துபாய்லயும் பிடிச்சாங்க. 2024 ஜூலையில லைப்ஸிக்ல டிஎச்எல் மையத்துலயும் இங்கிலாந்தோட பர்மிங்ஹாம்லயும் பார்சல் தீப்பிடிச்சுது, லித்துவேனியாவுல இருந்து அனுப்பினது. ரஷ்யா பின்னாடி இருக்குன்னு மேற்கு நாட்டு அதிகாரிங்க சொல்றாங்க, ரஷ்யா மறுக்குது. லைப்ஸிக் பார்சல் தரையிலயே எரிஞ்சது அதிர்ஷ்டம் தான், வானத்துல எரிஞ்சிருந்தா விமானமே விழுந்திருக்கும்னு ஜெர்மன் உளவுத்துறைத் தலைவரே சொன்னாரு.

கோடிக்கணக்கான பெட்டியைத் தினமும் பிரிச்சுப் பாக்க முடியாது. அப்ப என்ன வழி? டிஎச்எல்லோட அந்தப் பழைய காகிதம் தான். 2010க்கு அப்புறம் விமானத்துல ஏத்துறதுக்கு முன்னாடியே பார்சலோட தகவலை அமெரிக்காவுக்கு அனுப்பணும்னு ஒரு முறை தொடங்குச்சு, 2018ல கட்டாயமாச்சு, ஐரோப்பாவும் அதே மாதிரி கேக்குது. யாரு அனுப்புறா, யாருக்கு, என்ன பொருள், இது மூணையும் கம்ப்யூட்டர் பாத்து சந்தேகமா இருக்குறதை மட்டும் ஒதுக்கும். அதனால அடுத்த தடவை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கவுண்டர்ல உள்ள என்னன்னு துருவித் துருவிக் கேட்டா எரிச்சல் படாதீங்க. "கிஃப்ட்", "சாமான்", "துணி"ன்னு மட்டும் எழுதுனா சிஸ்டமே திருப்பி அனுப்பிரும், இல்லன்னா வழியில எங்கயாவது நின்னுரும். "ஆண்களுக்கான பருத்தி சட்டை, 2, புதுசு"ன்னு எழுதுங்க, விலையை உண்மையா போடுங்க, வாங்குறவரோட போன் நம்பரைச் சேத்துக் குடுங்க.